கட்டுபெத்தையும் நாவுல மாணவனும்: ஒரு வரலாற்று நோக்கு

ஏட்டுக் கல்வியையும் தொழிலகப் பயிற்சியையும் மாறிமாறி அளிக்கும் முறையினை 1906 இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் தொடக்கிவைத்தார். 1957 இல் கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகம் அதனையே தன் அடித்தளமாகக் கொண்டது. ஈழத்தில் இக்கருத்துக்கு அணுக்கமான மரபினை உடையது மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகும்.

அதன் வேர் 1893 இல் மருதானையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியிற் காணப்படுகின்றது. 1960 இல் கனடாவின் உதவியுடன் கட்டுபெத்தையில் செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் அமைந்தது. அது 1966 இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகவும், 1972 இல் பல்கலைக்கழக வளாகமாகவும், 1978 இல் தனிப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. பட்டறையிற் பிறந்த நிறுவனமாதலின், பொறியியற் பட்டத்துக்குத் தொழிலகப் பயிற்சி அங்கு இன்றும் இன்றியமையாததாகும்.

எனினும், அதன் வாயில் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. 1971 இல் பொறியியல் அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் எல்லையாக வகுக்கப்பட்டன. 1974 இல் மாவட்டப் பங்கீடு புகுந்தது. இன்று 40 விகிதம் திறமைக்கும், 55 விகிதம் மாவட்டங்களுக்கும், 5 விகிதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை.

இவ்வரலாறு நாவுலையில் எவ்வாறு உணரப்படுகின்றது? மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த சிற்றூர் அது. அதனை அடுத்த மொறகஹகந்த நீர்த்தேக்கம், பொறியியலாளர் குலசிங்கவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் மாத்தளை மாவட்டம் பின்தங்கியவற்றின் பட்டியலில் இல்லை. ஆதலால், நாவுல மாணவன் மாத்தளை நகர மாணவனோடு ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றான். மாவட்டத்தைக் காணும் பங்கீடு, மாவட்டத்தினுள் இருக்கும் ஏற்றத்தாழ்வினைக் காண்பதில்லை.

அதனாலேயே, 'நமக்குக் கிடைக்குமா?' என்னும் ஐயம் விண்ணப்பிக்கும் முன்னரே எழுகின்றது. விருப்பொழுங்கில் கட்டுபெத்தைக்கு முதலிடம் அளிப்பதால் அடுத்த தெரிவு கைநழுவிப் போவதில்லை. அஞ்சி அதனை எழுதாது விடுவோன் தானே வாயிலை அடைத்துக் கொள்கின்றான். உண்மையில் முடிவு அதற்கும் முன்னரே, சாதாரண தரத்தின் பின் கணிதப் பிரிவைத் தெரியும் வேளையிலேயே செய்யப்பட்டு விடுகின்றது. ஊரில் அப்பிரிவு இல்லையெனில், வீட்டை விட்டு நகருக்குச் செல்லும் வசதி உடையோனே அதனைத் தெரிய முடியும்.

எனவே, விகிதங்களைப் பற்றி வாதிடும் நாம், சிற்றூர்ப் பாடசாலைகளிலே கணிதப் பிரிவு உண்டா என்பதை முதலில் வினவுதல் வேண்டும். பட்டறையையும் பல்கலைக்கழகத்தையும் இணைத்தது கட்டுபெத்தையின் சாதனை. சிற்றூரையும் கட்டுபெத்தையையும் இணைக்கும் பணி இன்னும் எஞ்சி நிற்கின்றது.