தென்னார்க்காடு தந்த தலைவர் எல். இளையபெருமாள்

விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்களே. கடலூரே நமக்கும் தலைநகர். ஆகவே காட்டுமன்னார்கோயிலில் 1924 ஜூன் 26இல் பிறந்த இளையபெருமாள் அவர்களை அயல் மாவட்டத்தார் என்று நாம் கருத இயலாது. டில்லிப் பாராளுமன்றம் வரை சென்று, இந்திய நாடு முழுமைக்கும் உரிய ஓர் ஆவணத்தை ஆக்கித் தந்த பெருமகனார் நம் மண்ணின் மைந்தரே. எனினும் நம் பள்ளி மாணவருள் அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலர் என்பதை ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் வருத்தத்துடன் கண்டு வருகிறோம்.

அன்னார் பயின்ற பள்ளியில் நம் பிள்ளைகளுக்கெனக் குடிநீர்ப் பானை தனியே வைக்கப்பட்டிருந்தது. சிறுவன் இளையபெருமாள் அதனை உடைத்தான். மறுபடியும் வைத்தனர், மறுபடியும் உடைத்தான். இறுதியில் தனிப்பானை வைக்கும் வழக்கமே அப்பள்ளியிலிருந்து அகன்றது என்பர். பானை உடைத்த மாணவனைத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், பானை அங்கு ஏன் வைக்கப்பட்டது என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் அக்காலத்தில் அரியர். இன்றும் அவர்கள் மிகுதி என்று சொல்லத் துணியோம்.

பின்னர் அவர் சாவுக்குப் பறையடிக்கும் இழிதொழிலை விட்டொழிக்குமாறு சேரிதோறும் சென்று எடுத்துரைத்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916 முதல் நந்தனார் பள்ளியின் வாயிலாக வித்திட்ட கல்வி விழிப்பு முன்னரே அம்மண்ணைப் பண்படுத்தியிருந்தது. 1952இல் முதற் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தேழே. 1957இலும் வென்றார்.

நிற்க. அவர்தம் வாழ்வின் தலையாய பணிக்கு வருவோம். 1965இல் மத்திய அரசு தீண்டாமை பற்றியும் தாழ்த்தப்பட்டோரின் பொருளாதார, கல்வி நிலை பற்றியும் ஆராய ஒரு குழுவை அமைத்து, அவரையே தலைவராக்கியது. குழு தன் அறிக்கையை அளித்தது 1969 ஜனவரி 30இல். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் தீக்கிரையாயினர். தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேசியோருக்கு அவ்விரண்டும் ஒருங்கே விடை கூறின.

அவ்வறிக்கையால் விளைந்த பயன் யாது என்று இளைஞர்கள் வினவலாம். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் ‘ராஜி’க்கு இடமிருந்தது. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தவன் மீது வழக்குப் போட்டால், ஊர்ப் பெரியவர்கள் கூடி, வயிற்றுப்பிழைப்பைக் காட்டி மிரட்டி, வழக்கு கொடுத்தவனையே ராஜிக்கு இணங்கச் செய்து விடுவர். குழுவின் அறிக்கைக்குப் பின் அச்சட்டம் திருத்தப்பெற்று, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயருடன் 1976 நவம்பர் 19இல் நடைமுறைக்கு வந்தது. ராஜி நீங்கிற்று. குறைந்தது ஒரு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் உறுதியாயின. விசாரணையில் வேண்டுமென்றே அசட்டையாக இருக்கும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை எனக் கொள்ளப்பட்டார். இந்த இறுதிப் பிரிவினை நம் இளைஞர் மனப்பாடம் செய்துகொள்ளல் நலம்!

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்பதும் குழுவின் பரிந்துரையே. அதனைச் சுட்டியே மு. கருணாநிதி அவர்களின் அரசு 1970 டிசம்பரில் சட்டத்திருத்தம் கொண்டு வந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஆயினும் அர்ச்சகர் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் கூறிற்று. கதவு திறந்தது, ஆனால் வாயிலில் காவல் நின்றது. பயிற்சி பெற்ற பல சாதியினர் 24 பேர் நியமன ஆணை பெற்றது 2021 ஆகஸ்டு 14இல்தான்.

சட்டம் வந்தும் விழுப்புரம் தப்பவில்லை. 1978 ஜூலையில் இந்நகரிலேயே நம்மவர் பன்னிருவர் கொல்லப்பட்டனர். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறக்க 1989 வரை காத்திருக்க நேர்ந்தது.

தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகவும் 1980இல் எழும்பூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய இளையபெருமாள், பிற்காலத்தில் அக்கட்சியை விட்டு நீங்கி இந்திய மனித உரிமைக் கட்சியைத் தோற்றுவித்தார். ஆளுங்கட்சியில் நெடுங்காலம் இருந்தமையால் அவரைக் குறை கூறுவாரும் உளர். ஆளுங்கட்சியின் உள்ளிருந்துகொண்டே அவ்வரசின் ஊழியரைக் குற்றம் சாட்டும் அறிக்கையை எழுதிய துணிவை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 2005 செப்டம்பரில் அன்னார் மறைந்தார்.

அவ்வறிக்கை நூலாக அச்சேறியுள்ளது. அதன் படி ஒன்றினைப் பெற்று நம் சங்க நூலகத்தில் வைக்குமாறு நிர்வாகிகளை இம்மலரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் உள்ள அதனைப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் படித்து, மாதம் ஓர் இயலாகத் தமிழில் மற்றவர்க்குச் சொல்லட்டும்.