மூன்று சென்ட் மனை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கிராமத்துக் காலனியிலிருந்து ஒரு பையன் வந்து நின்றான். ஓய்வு பெற்றவனுக்கு எல்லோரும் பையன்தானே. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்காக மடித்துப் பழுப்பேறிப்போன வீட்டுமனைப் பட்டா ஒன்று.

"எங்க ஆயா பேர்ல இருக்குங்க சார். நீங்கதான் அளந்து குடுத்தீங்கன்னு அப்பா சொன்னாரு. கனவு இல்லத்துக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன். என் பேர்ல பட்டா இருந்தாத்தான் ஆவும்னு சொல்றாங்க."

பட்டாவைப் பிரித்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதில்லை, தாசில்தாருடையது. ஆனால் அந்த மனையில் சங்கிலி பிடித்தவன் நான்தான். மூன்று சென்ட். அந்த ஆயாவையும் நினைவு வந்தது. அவரைப் பற்றிச் சொல்லும் முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். வழக்கமாகப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணலூர்பேட்டையில் பிறந்தவன் நான். தென்பெண்ணையின் தென்கரை. பேட்டை என்றாலே சந்தையும் வியாபாரமும் கூடுகிற இடம். தை 5-ம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அன்றைக்கு மணல் தெரியாத அளவுக்கு ஜனம். மற்ற நாட்களில் மணல்தான். நான் சிறுவனாக இருந்தபோது தெருவில் ஓட்டு வீடுகளை எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கூரை. பனை ஓலை, கரும்புத் தோகை, மண் சுவர். சித்திரை வைகாசியில் எங்காவது ஒரு அடுப்பிலிருந்து பொறி பறந்தால் ஒரு வரிசையே போய்விடும். ஆனால் கூரை வீட்டில் ஒரு சௌகரியம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இடம் மட்டும் இருந்தால் போதும்.

அந்த இடம் எது என்பதை வெள்ளைக்காரன் காலத்து ரயத்துவாரி அளவை முடிவு செய்து வைத்திருந்தது. ஊரை அளந்தவர்கள் நிலத்தையெல்லாம் நன்செய், புன்செய் என்று பிரித்துத் தீர்வை போட்டார்கள். வீடுகள் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு நத்தம் என்று எழுதினார்கள். நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. வருமானம் வராத இடத்தை உள்ளே நுழைந்து அளக்க அவர்களுக்கு என்ன அவசியம்? பழைய புலப்படத்தைப் பார்த்தால் வயல் ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கும், நத்தம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். பல கிராமங்களில் நத்தமும் இரண்டு. ஊர் நத்தம் ஒன்று, சற்றுத் தள்ளி சேரி நத்தம் ஒன்று. ஊர் நத்தத்தைச் சுற்றி ஊராருடைய நிலமே இருந்ததால் குடும்பம் பெருகினால் சொந்த வயலிலேயே ஒரு வீடு கட்டிக்கொள்வார்கள். சேரி நத்தத்தைச் சுற்றியும் ஊராருடைய நிலம்தான். அங்கே பெருகுகிற குடும்பத்துக்குப் போக இடம் கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டுவசதிப் பிரச்சினையில் பாதி இந்த ஒரு கோட்டில் இருக்கிறது என்பது முப்பது வருஷம் கணக்கு எழுதியவனின் எண்ணம்.

கல்வராயன் மலையில் இந்தக் கோடுகூட இல்லை. மலை மூன்று ஜாகீர்தார்களிடம் இருந்து, 1976-ல்தான் அரசு வசம் வந்தது. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஊரைத் திட்டமிடுவது என்ற பேச்சு நம் மாகாணத்துக்கு வந்தது 1914, 1915 வாக்கில். பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நகரத் திட்டக் கண்காட்சி ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பினார். சென்னை மேல் குண்டு போட்டதே எம்டன், அதே எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது! மனிதர் அசரவில்லை. மறுபடி படங்களைச் சேர்த்து சென்னையில் கண்காட்சி நடத்தினார். அப்புறம் ஊர் ஊராக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். முதலில் தெருவில் நட, அங்கிருக்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார், பிறகு கோடு போடு, இடிப்பதைக் குறைத்துக்கொள் என்பதுதான் அவருடைய வழி. 1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. 1971-ல் அதற்குப் பதிலாக நகர் ஊரமைப்புச் சட்டம். பெயரில் 'ஊர்' சேர்ந்ததே தவிர, நான் பணியில் இருந்த கிராமங்களில் எதற்கும் அந்தச் சட்டப்படி ஒரு திட்டம் என் மேசைக்கு வந்ததில்லை.

கிராமத்துக்கு வந்தது வேறு வழியாக. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம், அதைத் தொடர்ந்து வட்டார வளர்ச்சி அலுவலகம், கிராம சேவக். கிணறு, ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்து, பண்ணையாரின் இடத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடமே சொந்தம் என்றது. நான் மெச்சுகிற சட்டங்களில் ஒன்று அது. 1974-ல் தாட்கோ ஆரம்பித்தார்கள். 1978-ல் ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். 1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டம். காலனி, தொகுப்பு வீடு என்ற வார்த்தைகள் எங்கள் பேச்சில் புகுந்த காலம் அது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்தது. அதற்குப் பிறகு தேர்வு எழுதி கிராம நிர்வாக அலுவலர்களாக வந்தவர்களில் நானும் ஒருவன். 1984-ல் சேர்ந்தேன். ஊரில் பெரியவர்கள் அப்புறமும் ரொம்ப நாள் என்னைக் கணக்கப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள்.

சேர்ந்த சில வருஷத்தில்தான் அந்தக் காலனி மனை அளப்பு. ஊருக்கு அரை மைல் தள்ளி, ஓடைக்குப் பக்கத்தில் ஒரு புன்செய். ஏன் அந்த நிலம்? விற்கச் சம்மதித்தவர் நிலம் அதுதான். விளைச்சல் இல்லாத நிலத்தைத்தான் யாரும் சம்மதித்துக் கொடுப்பார்கள். மேட்டு நிலம் ஒன்று இருந்தது, அது கைக்கு வரவில்லை. நான் சின்ன அதிகாரி, சொல்லவும் இல்லை. சுண்ணாம்பு போட்டு மூன்று சென்ட், மூன்று சென்ட்டாகக் குறித்துக்கொண்டு போனோம். பட்டா பெண்கள் பெயரில்.

அப்போது ஒரு அம்மா வந்தார். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி இரண்டு. "மூணும் ஆம்பளப் புள்ளைங்க கணக்கப்பிள்ளை. ஒரு மனைதானா?" என்றார்.

"இப்ப ஒரு குடும்பம்தானேம்மா. அவங்க பெரியவங்களானா அப்புறம் கவர்மெண்ட் பாத்துக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. வந்த பையன் காட்டிய பட்டா அவருடையதுதான். இடுப்பில் இருந்தவரின் மகன்தான் இவன்.

எண்பதுகளின் கடைசியில் தொடங்கி நத்தம் நிலவரித் திட்டம் வந்தது. நூறு வருஷம் வெள்ளையாகக் கிடந்த நத்தத்துக்குள் முதன்முறையாக அளக்கப் போனோம். முதலில் தோராயப் பட்டா, பிறகு தூய பட்டா. தெருச்சண்டை எல்லாம் வெளியே வந்தது. ஒரு திண்ணைக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பேப்பர் கிடைத்ததும் வங்கியில் கடன் கிடைத்தது. கடன் கிடைத்ததும் கூரை போய்த் தளம் வந்தது. ஆற்றில் மணல், வண்டி வைத்திருப்பவனுக்குக் கூலி மட்டும்தான் செலவு. மணல் குவாரியை அரசே நடத்த ஆரம்பித்தது 2003-ல். அதற்குள் எங்கள் தெருக்களில் பாதி வீடு மேலே வந்துவிட்டது.

இந்த இடத்தில் என் குட்டையும் உடைத்துவிடுகிறேன். தொண்ணூறுகளில் நானும் ஒரு மனை வாங்கினேன். வயலைக் கல் நட்டு விற்றார்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. வருவாய்த் துறையில் இருப்பவனுக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். விலை குறைவு, தவணை வசதி, பக்கத்தில் பஸ். எல்லோரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். மனைப்பிரிவின் நடுவில் ஒரு வயல் வாய்க்கால் போனது. அதன் மேல் செம்மண் கொட்டி இருபது அடி ரோடு என்றார்கள். நான் அடங்கலில் அந்த வாய்க்காலை எழுதியவன், அதன் மேலேயே நடந்து வீட்டுக்குப் போனேன்.

2016-ல் ஓய்வு பெற்றேன். மகளுக்குப் பாதி மனையை எழுதி வைக்கலாம் என்று நினைத்த நேரத்தில், செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திரம் மாதக்கணக்கில் நின்றது. பிறகு 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைக்குப் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். கட்டினேன். நீதிமன்றத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருபது வருஷம் முன்பே அந்தத் தடை வந்திருந்தால் வாய்க்கால் தப்பியிருக்கும்.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல். பக்கத்து மாவட்டத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். மேலே ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். 1958-ல் கட்டிய சாத்தனூர் அணையின் 119 அடிக் கொள்ளளவு எந்த மூலைக்கு? நள்ளிரவுக்கு மேல் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். விடிந்தபோது ஆற்றை நான் பார்த்தது போல் என் வயதில் பார்த்ததில்லை. எங்கள் மனைப்பிரிவில் ஆறு வரவில்லை, வாய்க்கால் வந்தது. மூடிய இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து அதே வழியில் முழங்கால் ஆழம் போனது. ஓடைக்கரைக் காலனியில் இடுப்பளவு. நாங்கள் சுண்ணாம்பு போட்ட இடம் முழுக்கத் தண்ணீர். மேட்டு நிலம் காய்ந்து கிடந்தது.

இன்னொரு கோட்டையும் சொல்லிவிட வேண்டும். மணலூர்பேட்டை பேரூராட்சி. 1958-ம் வருஷத்து ஊராட்சிச் சட்டம் ஐயாயிரம் ஜனமும் பத்தாயிரம் ரூபாய் வருமானமும் இருந்தால் பேரூர் என்றது. 2004-ல் தமிழ்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சி என்று மாற்றினார்கள், கிராமத்துக்கான நிதி கிடைக்கும் என்று. 2006-ல் மறுபடி பேரூராட்சி ஆக்கினார்கள். இதெல்லாம் பெயர்ப் பலகை விவகாரம் இல்லை. பேரூராட்சியில் நூறு நாள் வேலை கிடையாது. 2011-ன் பசுமை வீடு கிடையாது, இப்போதைய கனவு இல்லமும் கிடையாது, நகர்ப்புறத் திட்டம்தான். எங்கள் ஊர்க் கடைசித் தெருவில் நாற்று நட்டுப் பிழைக்கிற பெண் நகரவாசி. ரோட்டைத் தாண்டினால் அதே வயலில் கூட நடுகிறவள் கிராமவாசி. இதை என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சரியான பதில் சொன்னதே இல்லை.

அந்தப் பையன் கிராம ஊராட்சிக்காரன், அந்த வகையில் யோகம். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் தருகிறார்கள். முந்தைய திட்டங்களைவிடத் தாராளம்தான். ஆயாவின் மனையில் இப்போது இருப்பது மேல்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிற ஒரு தொகுப்பு வீடு, அதன் இரு பக்கமும் இரண்டு தகரக் கொட்டகை. மூன்று மகன்களின் குடும்பங்கள். இவன் அப்பாவுக்கு இவன் ஒரே பிள்ளை, அதனால் இன்னும் மூன்றாகவே நிற்கிறது.

வாரிசுச் சான்று, உட்பிரிவு மனு இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு சென்ட் என்று பெரியப்பாக்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். புதன்கிழமை சாயங்காலம் டேப் எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. வீடு 360 போக மிச்சம் 75. அதில் இருவர் வீட்டுக்கும் நடந்து போக வழி விட வேண்டும், கழிவறை வைக்க வேண்டும். பையனின் அம்மா ஒரு கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். நான் டேப்பைச் சுருட்டும்போது, "இத எங்கங்க சார் கட்றது?" என்று கேட்டார்.