அடைத்த கதவுக்கு முன்

தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சி கோவிலில் கருவறையைத் திறப்பதில்லை. அடைத்த கதவுக்குத்தான் பூஜை. தேங்காயை உடைப்பதில்லை, பழத்தை உரிப்பதில்லை. சிறு வயதில் அந்தக் கதவின்முன் நின்று, உள்ளே யாருமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறேன். பிற்பாடு வேறொன்று உறைத்தது: எல்லோருக்கும் அடைத்த கதவு வேறு, சிலருக்கு மட்டும் அடைத்த கதவு வேறு.

அந்தப் பழைய பயத்தை அமெரிக்கக் கறுப்பர்களின் இறையியலில் திரும்பச் சந்தித்தேன். 1970ல் ஜேம்ஸ் கோன், கடவுள் கறுப்பர் என்றே எழுதினார். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்காத கடவுள் அவருக்குத் தேவைப்படவில்லை. 1973ல் வில்லியம் ஜோன்ஸ் மறித்துக் கேட்டார். இவரும் கறுப்பர்தான். கடவுள் நம் பக்கம் என்பதற்கு வரலாற்றில் அத்தாட்சி எங்கே? இத்தனை நூற்றாண்டு வதையைப் பார்த்தால் அவர் வெள்ளையரின் கடவுளாக இருக்கவும் கூடுமே. கோனின் நம்பிக்கையைவிட இந்தச் சந்தேகம்தான் எனக்கு நேர்மையாகப் பட்டது.

காரணம் இங்கேயே இருக்கிறது. அதே 1973ல் கீழ்வெண்மணி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்திருந்தார்கள். கிறிஸ்து பிறந்த நாள்.

1980களில் தலித் இறையியலுக்கு அடிகோலிய அரவிந்த் நிர்மல், செயலுக்கு முன்னால் வேதனை இருக்கிறது, அதன் வழியாகத்தான் தலித் கடவுளை அறிகிறான் என்றார். ஜோன்ஸுக்கு இது பதிலாகாது. வேதனைப்படும் கடவுள் துணைக்கு ஆவார், நிலத்துக்கு?

நிலத்துக்குப் போனவர் எங்களுக்குக் கிழக்கே, வத்தலக்குண்டுப் பக்கம் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள். சர்வோதயக்காரர், வள்ளலாரின் ஜோதி வழிபாட்டில் ஊறியவர். வெண்மணிக்குப் பின் கணவர் ஜெகந்நாதனுடன் கீழத்தஞ்சைக்குப் போனார். 1981ல் இருவரும் தொடங்கிய லாப்டி, நிலக்காரர்களிடமே பேரம் பேசி நிலத்தை வாங்கி, ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தது. கொன்ற வர்க்கத்துக்கே விலை கொடுப்பதா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான், எனக்கும் நெருடுகிறது. ஆனால் நம்பிக்கை இருந்ததால் அவர் போனாரா, அது அற்றுப்போனதால் போனாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பத்திரங்கள் பெண்களின் பெயரில் எழுதப்பட்டன. வெண்மணியில் எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.