மயக்க மருந்தும் மாதவ் காவ்ராவும்

எங்க அத்தைக்குப் பித்தப்பையில் கல். புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் விடுதியில் துணி துவைக்கிற வேலை அதற்கு. வலி வந்தால் வாய்க்கால் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடும். கையில் சிவப்பு ரேஷன் கார்டு இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டையும் இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்று அட்டையைக் கொடுக்கும்போது சொன்னார்கள். அத்தை அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது.

காப்பீட்டுத் திட்டம் ஏற்கப்படும் என்று போர்டு மாட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் அந்தப் பெண் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஆபரேசன் கார்டுல ஆயிடும்மா. மயக்க டாக்டரு மட்டும் வெளியிலேர்ந்து வர்றாரு. அவரு கார்டு எடுக்க மாட்டாரு. ஆறாயிரம் தனியா கையில குடுத்துடுங்க."

அத்தை என்னைப் பார்த்தது. "அப்ப கார்டு இன்னாத்துக்குடா? அறுக்கறதுக்குக் காசு வாணாம், வலிக்காம அறுக்கறதுக்குத்தான் காசா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பிறகு இரண்டு மாதம் அட்டையை எடுத்துக்கொள்ளும் மயக்க மருத்துவர் ஒருவரைத் தேடி அலைந்தேன். அலைந்ததில் தெரிந்தது இது. சின்ன ஆஸ்பத்திரிகளில் மயக்க மருத்துவருக்குச் சம்பள வேலை கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு இடம் போகிறார். கேஸுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். திட்டத்தின் பணமோ ஆஸ்பத்திரியின் கணக்குக்குத்தான் வரும், அதுவும் தாமதமாக. 'எனக்கு அதுலேர்ந்து எப்ப வரும், எவ்ளோ வரும்னு யார் சொல்றா?' என்று ஒரு மருத்துவர் என்னிடமே கேட்டார். அவர் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டத்தின் விதியில் 'மயக்க மருத்துவர் தனி' என்று ஒரு வரியும் இல்லை. 2018 செப்டம்பர் 23இல் ராஞ்சியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து, ஆக்சிஜன், ரத்தம், தியேட்டர், படுக்கை, நோயாளியின் சாப்பாடு எல்லாமே ஒரே தொகைக்குள் அடக்கம். நோயாளியிடம் மேற்கொண்டு ஒரு பைசா கேட்கக் கூடாது. அப்படியென்றால் அந்த ஆறாயிரம் ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் இடையிலுள்ள கணக்கு. அதை அத்தையின் முந்தானையில் முடிந்துவிடப் பார்க்கிறார்கள்.

அலைச்சலுக்கு நடுவே மயக்க மருந்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். அது 1846 அக்டோபர் 16இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கியதாகத்தான் பாடப் புத்தகம் சொல்லும். அன்று வில்லியம் மார்ட்டன் ஈத்தர் கொடுத்துக் கழுத்துக் கட்டி ஒன்றை வலியில்லாமல் அறுக்க வைத்தார். அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பு நம்ம நாட்டில் நடந்ததைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை.

வங்காளத்தில் ஹூக்ளி. அதன் பக்கத்தில்தான் சந்தன்நகர், அன்று புதுச்சேரி கவர்னரின் ஆளுகையிலிருந்த ஊர். ஹூக்ளி சிறைக் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற கம்பெனி டாக்டர். 1845 ஏப்ரல் 4ஆம் தேதி அவரிடம் ஒரு கைதி வந்தான். விதைப்பையின் இரண்டு பக்கமும் நீர் கோத்திருந்தது. ஒரு பக்கம் அறுவை செய்ததும் வலியில் துடித்தான். கேள்விப்பட்டிருந்த மெஸ்மரிசத்தை எஸ்டெய்ல் அவன்மீது முயன்று பார்த்தார். முன்னே பின்னே செய்து பழக்கமில்லாதவர். மணிக்கணக்கில் கையை அசைத்து அசைத்து அவனை உணர்விழக்க வைத்தார். அடுத்த வருஷமே அரசாங்கம் அவருக்குக் கல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரி கொடுத்தது.

அந்தக் கைதி யார்? எஸ்டெய்ல் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்: மாதவ் கௌரா, பன்றி விற்கிறவன், ஏழு வருஷத் தண்டனை, காலில் விலங்கோடு சாலை வேலை. வங்காளத்தில் பன்றி வளர்த்த தீண்டப்படாத சாதிக்குக் காவ்ரா என்று பெயர். இன்றும் அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காதில் அது கௌரா என்று விழுந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒத்திகை பார்க்க முதலில் கிடைத்தவன் நம்ம ஆள்.

அதே வருஷம் அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற டாக்டர் கறுப்பு அடிமைப் பெண்களின் உடம்பில் சோதனை அறுவைகளைத் தொடங்கினார். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்ச்சாவை மட்டும் 30 தடவை அறுத்தார். சோதனைகள் 1849 வரை நடந்தன. ஈத்தர் வந்த பிறகும் அவர் அந்தப் பெண்களுக்குக் கொடுக்கவில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். நம்ம கைக்கு ஆயுஷ்மான் அட்டை வந்ததும் அதே வருஷம்.

காகிதம் வாங்கி ஏமாறுவது புதுச்சேரிச் சேரிகளுக்குப் புதிதல்ல. 1881இல் பிரெஞ்சுக்காரன் ஓர் ஆணை போட்டான். சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து கையெழுத்துப் போட்டால் நீயும் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றான். ரெனோன்சான் என்று பெயர். நம்மவர்கள் ஏராளமானோர் போய்ப் பதிந்தார்கள். நடு சண்முகம் தலைமையில் மேல்சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, துறக்காதவருக்கு ஒன்று. சமம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தனி வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் 1962. ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்க தாத்தா கொடுக்கவில்லை. எங்க தெருவில் எழுதிக் கொடுத்த சொல்தா வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. "எங்க அப்பன் அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்ருந்தா..." என்று அத்தை அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஆரம்பிக்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சேகோனில் சண்டை போடப் போய்ச் சம்பாதித்த பென்ஷன் அது. அதிலும் நம்ம ரத்தம்தான்.

கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது. அங்கே மயக்க மருத்துவர் சம்பளத்துக்கு இருக்கிறார். யாரும் கையில் கேட்கவில்லை. "ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னாங்கடா. ஆறோ ஏழோ எண்ணுனேன், அவ்ளோதான்" என்றது அத்தை. தையல் ஆறுகிற வரைக்கும் படுத்திருந்தபோது மாதவ் கதையை அதற்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்து, "வெலங்கோடயா அறுத்தாங்க?" என்று கேட்டது.

போன மாதம் எங்க தெருப் பையன் ஒருவனுக்குக் குடலிறக்கம். முதலில் எங்களிடம் ஆறாயிரம் கேட்ட அதே இடத்துக்குத்தான் போனார்கள். அத்தையும் கூடப் போனது. திட்டத்தில் எதெல்லாம் அடக்கம் என்று போட்டிருந்த பக்கத்தை நான் அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். மயக்க மருத்துவர் வருகிற வரியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து, "இத்தப் படிம்மா" என்றதாம் அந்தப் பெண்ணிடம்.

அவள் படித்தாள். உள்ளே போனாள். "உக்காருங்க, கேட்டுச் சொல்றோம்" என்றாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பையனை அட்மிட் செய்தார்கள். மயக்க டாக்டருக்கென்று யாரும் தனியாகக் காசு கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை அத்தை திருப்பித் தரவில்லை. அட்டையோடு சேர்த்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறது.