ஆட்டின் கழுத்தில் கிடைத்த மருந்து

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், அப்போதுதான் வெட்டப்பட்ட ஆட்டின் கழுத்திலிருந்து தைராய்டு சுரப்பியை எடுத்து, கிளிசரினில் ஊறவைத்து, சாறு பிழிந்தார். அதை, தைராய்டு குறைபாட்டால் முகம் வீங்கி, பேச்சும் நடையும் மந்தமாகியிருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியில் செலுத்தினார். இந்த யோசனையைச் சக மருத்துவர்கள் முன்பே கேலி செய்திருந்தார்கள். அந்தப் பெண்ணோ தேறி, 74 வயது வரை வாழ்ந்தார். அந்த 28 ஆண்டுகளில் அவருக்காகச் சுரப்பி கொடுத்த ஆடுகள் 870க்கும் மேல்!

அடுத்த ஆண்டே ஊசி தேவையில்லை என்று தெரிந்தது. லேசாக வதக்கிய சுரப்பியைத் தின்றாலே போதும். நோயாளிகளின் நாக்கு பட்ட பாட்டை விட்டுவிடுவோம்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எல்லா ஆட்டுச் சுரப்பிக்கும் ஒரே வீரியம் கிடையாது. மண்ணில் அயோடின் குறைந்தால் மேய்ச்சலிலும் குறையும். சுரப்பி வீங்கும், ஹார்மோனோ வற்றும். முட்டைக்கோஸ் இனத் தீவனங்களிலும் தைராய்டுக்கு இடையூறு செய்யும் பொருள்கள் உண்டு. சினை ஆடு அந்தத் தீவனங்களையே அதிகம் தின்றால், குட்டி கழுத்து வீங்கிப் பிறக்கலாம். குளிர் தாக்கினால் ஹார்மோன் ஏறும். ஆக, ஆடு எங்கே, எதை மேய்ந்தது என்பதும் மருந்தின் வீரியத்தைத் தீர்மானித்தது.

1914இல் அமெரிக்கரான எட்வர்ட் கெண்டல் தைராய்டு ஹார்மோனான தைராக்சினைத் தனியே பிரித்தார். 1927இல் வேதியியலாளர்கள் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டினர். ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு, உலர்த்திப் பொடித்த விலங்குச் சுரப்பி மாத்திரையைத்தான் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள்.