இனப்பெருக்க காலத்தில் வேட்டைக்கு அனுமதி ஏன்? அமெரிக்காவின் காட்டு வான்கோழியும் குறுக்குவில்லும்

மயிலைப் பார்த்து வான்கோழி ஆடியது என்று நம்ம ஊரில் கேலியாகச் சொல்வோம். உண்மையில் வான்கோழி யாரையும் பார்த்து ஆடுவதில்லை. அதற்கு சொந்தமாகவே ஒரு ஆட்டம் உண்டு. வசந்த காலம் வந்துவிட்டால் வட அமெரிக்கக் காடுகளில் ஆண் வான்கோழிகள் வாலை விசிறி போல விரித்து, இறகுகளைச் சிலிர்த்து, பெட்டைகளை அழைத்தபடி நடைபோடும். அமெரிக்காவில் வேட்டை சீசன் திறப்பதும் சரியாக இந்த நேரத்தில்தான்.

இனப்பெருக்க காலத்தில் போய் வேட்டையாடலாமா? அதுவும் குறுக்குவில் எனப்படும் கிராஸ்போவை வைத்து எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

அழிவின் விளிம்பு வரை சென்ற பறவை

நம்ம ஊர்ப் பண்ணைகளில் வளரும் வான்கோழியின் பூர்வீகம் மெக்சிகோ. அதன் காட்டு உறவினம் அமெரிக்காவில் அலாஸ்கா தவிர்த்த 49 மாநிலங்களிலும் இருக்கிறது. வளர்ந்த ஆண் பறவை 7 முதல் 11 கிலோ வரை எடை இருக்கும். பண்ணைப் பறவையைப் போல இது மந்தமானது அல்ல. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், பறக்கவும் செய்யும், இரவில் உயரமான மரக்கிளைகளில் அடையும்.

கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் 1930களில் இந்தப் பறவை சுமார் 2 லட்சமாகக் குறைந்துபோனது. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்குக் காட்டில் பிழைக்கத் தெரியவில்லை.

1950களில் இருந்து வேறு வழி கைகொடுத்தது. தரையில் தானியத்தைத் தூவி, பறவைகள் கூடியதும் சிறு பீரங்கிக் குழாய்களால் வலையை வீசி, காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்தார்கள். பிறகு அவற்றை வான்கோழி இல்லாத காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று இவற்றின் எண்ணிக்கை சுமார் 60 லட்சம் என மதிப்பிடப்படுகிறது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி வேட்டைக்காரர்களிடம் இருந்துதான். 1937ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது விதிக்கப்படும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. பின்னாளில் வில், அம்பு சாதனங்களும் இந்த வரிக்குள் வந்தன. உரிமக் கட்டணமும் மாநில வனவிலங்குத் துறைகளுக்குச் செல்கிறது.

வசந்தத்தில் ஏன்? சேவல் மட்டும் ஏன்?

விடை இந்தப் பறவையின் குடும்ப வாழ்க்கையில் இருக்கிறது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். ஆனால் அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ சேவலுக்குப் பங்கே கிடையாது. பெட்டைதான் தரையில் கூடமைத்து, 10 முதல் 12 முட்டை இட்டு, 28 நாள் தனியாக அடைகாக்கிறது. ஒருமுறை இணைசேர்ந்தால் போதும், பல வாரங்களுக்குக் கருவுற்ற முட்டைகளை அதனால் இட முடியும்.

அதனால் பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்த பிறகு சில சேவல்களை எடுத்தால் அடுத்த தலைமுறை பாதிக்கப்படாது என்பதுதான் வசந்த சீசனின் அடிப்படைக் கணக்கு. தெற்கே ஃப்ளோரிடாவில் மார்ச்சில் சீசன் தொடங்கிவிடும். வடக்கே நியூயார்க் போன்ற மாநிலங்களில் மே மாதம்தான். பல மாநிலங்களில் நண்பகலோடு வேட்டையை நிறுத்திவிட வேண்டும்.

சேவலை அடையாளம் காண்பது எப்படி? நெஞ்சில் குதிரைமயிர் போலத் தொங்கும் 'தாடி', சிவப்பு, வெள்ளை, நீலமாக நிறம் மாறும் தலை, காலில் முள் ஆகியவைதான் அடையாளம். ஆனால் சில பெட்டைகளுக்கும் தாடி இருக்கும். அதனால் பல மாநிலங்களின் சட்டம் 'சேவல்' என்று சொல்லாமல் 'தாடியுள்ள பறவை' என்றே சொல்கிறது. இலையுதிர் காலத்தில் தனி சீசன் உண்டு, அதற்கு விதிகளும் வேறு.

குறுக்குவில் எப்படி வேலை செய்கிறது?

துப்பாக்கி போன்ற ஒரு கட்டை. அதன் முன்முனையில் படுக்கைவாட்டில் ஒரு வில். நாணைப் பின்னுக்கு இழுத்து மாட்டிவிட்டால் அது அப்படியே பூட்டிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் அம்பு பாயும். வேட்டைக்கான வில்களில் நாணை இழுக்க 70 முதல் 90 கிலோ வரை விசை தேவைப்படும். அதனால் கயிற்றுக் கப்பியோ சுழற்றும் கைப்பிடியோ வைத்துத்தான் இழுப்பார்கள். அம்பு வினாடிக்கு 300 முதல் 400 அடி வேகத்தில் போகும்.

வான்கோழி வேட்டையில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன் துப்பாக்கியைத்தான். சாதாரண வில்லில், பறவை எதிரே நிற்கும்போதே நாணை இழுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு அசைவைப் பார்த்தாலே வான்கோழி பறந்துவிடும். அதன் பார்வை அவ்வளவு கூர்மை. வண்ணங்களும் அதற்குத் தெரியும். குறுக்குவில்லில் நாண் முன்கூட்டியே பூட்டப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. தோள் பலம் குறைந்தவர்களும் வயதானவர்களும் இதை விரும்புவதற்கு இதுவே காரணம்.

ஆனால் எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. சில மாநிலங்கள் இதைத் துப்பாக்கி சீசனில் மட்டும் அனுமதிக்கின்றன, சில இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் இறங்கினால் அபராதம் நிச்சயம்.

குரல் கொடுத்து வரவழைக்கும் வேட்டை

இதில் வேட்டைக்காரர் பறவையைத் துரத்துவதில்லை. விடியும் முன்பே போய் உட்கார்ந்துவிடுவார். மரத்தில் இருக்கும் சேவல் விடியலில் குரல் எழுப்பும். அந்தக் குரலுக்குப் பெட்டை போலப் பதில் கொடுக்க வேண்டும். அதற்கு மரப்பெட்டிக் கருவி, பலகைக்கல்லில் குச்சியை உரசும் கருவி, வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வு என்று பலவகை உண்டு. பத்து மீட்டர் தொலைவில் ஒரு பொம்மைப் பெட்டையையும் நிறுத்திவைப்பார்கள்.

இயற்கையில் சேவல் கூப்பிட்டால் பெட்டைதான் தேடிப் போகும். இங்கே சேவலை வரவழைக்க வேண்டும். அதனால்தான் சேவல் பல நேரம் பாதி வழியில் நின்று, "நீயே வா" என்பது போலக் காத்திருக்கும். சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் சந்தேகப்பட்டுத் திரும்பிவிடும். இந்த வேட்டைக்குப் பொறுமைதான் முதல் தகுதி.

ஒரே அம்பு, சின்ன இலக்கு

பறவை பெரிதாகத் தெரிந்தாலும் அதன் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய ஒரு ஆரஞ்சுப் பழ அளவுதான். இறகைச் சிலிர்த்து ஆடும்போது உடல் எங்கே, வெறும் இறகு எங்கே என்று கணிப்பதே கஷ்டம். அம்பு சற்று விலகினாலும் பறவை காயத்தோடு பறந்துபோய் எங்கோ புதரில் சாகும். அது யாருக்கும் பயன்படாத சாவு.

அதனால் அனுபவசாலிகள் 20 முதல் 25 மீட்டருக்குள் வந்தால்தான் விசையைத் தொடுவார்கள். பறவை ஆட்டத்தை நிறுத்தி, இறகை அடக்கி, அசையாமல் நிற்கும் வரை காத்திருப்பார்கள். அடுத்த அம்பைப் பூட்ட நேரமாகும், அதற்குள் பறவை போய்விடும். கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்புதான்.

வில்லைக் கையாளும்போது முக்கியமாக கவனிக்க வேண்டியவை:

- கட்டையைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் விரலையே இழக்க நேரிடும்.
- அம்பு வைக்காமல் விசையை அழுத்தக் கூடாது. வில்லே உடைந்து தெறிக்கலாம்.
- மறைவுக் கூடாரத்துக்குள் இருந்தால் வில்லின் இரு கைகளும் விரிய இடம் வேண்டும். குறிநோக்கி அம்பைவிட சில அங்குலம் மேலே இருப்பதால், குறி தெளிவாகத் தெரிந்தும் அம்பு ஜன்னல் விளிம்பில் மோதக்கூடும்.
- நாண் பூட்டிய வில்லோடு மரத்திலோ வேலியிலோ ஏறக் கூடாது.

மனிதரைப் பறவை என நினைத்துவிடும் ஆபத்து

இந்த வேட்டையில் உண்மையான பயம் இதுதான். எல்லோரும் காட்டு நிறத்தில் உடுத்தி, வான்கோழி போலவே குரல் கொடுத்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். புதருக்குப் பின்னால் கேட்பது பறவையின் குரலா, இன்னொரு வேட்டைக்காரரின் கருவியா? தெரியாது.

சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் எதையும் அணியக் கூடாது என்பது இங்கே முதல் விதி. கைக்குட்டை, காலுறைகூட இந்த நிறங்களில் வேண்டாம். காரணம், சேவலின் தலை நிறமே அதுதான். குரல் வரும் திசையை நோக்கிப் பதுங்கிப் போகக் கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். வேறு ஆள் வருவது தெரிந்தால் கையசைக்காமல், பறவைக் குரல் கொடுக்காமல், வாய்விட்டு சத்தமாகப் பேச வேண்டும். பறவையைத் தூக்கி வரும்போது பளிச்சிடும் ஆரஞ்சுத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

இப்போது என்ன பிரச்சினை?

2000களின் தொடக்கத்தில் 65 லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை, பல இடங்களில் மீண்டும் இறங்கிவருகிறது. குறிப்பாக தென்கிழக்கு மாநிலங்களில் ஒரு பெட்டையோடு தென்படும் குஞ்சுகள் குறைந்துவிட்டன. வாழிடச் சீரழிவு, கூடுகளைச் சூறையாடும் விலங்குகள், நோய் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன.

வசந்த வேட்டையின் அடிப்படைக் கணக்கின் மீதும் கேள்வி எழுந்திருக்கிறது. பெட்டைகள் இணைசேரும் முன்பே வலுவான சேவல்களைச் சுட்டுவிடுகிறோமா என்பதுதான் விவாதம். ஜார்ஜியா 2022ல் சீசனைத் தள்ளிவைத்து, ஒருவருக்கு 3 பறவை என்ற வரம்பை 2 ஆக்கியது. டென்னசி 2023ல் சீசன் தொடக்கத்தை 2 வாரம் தள்ளி, வரம்பையும் 2 ஆகக் குறைத்தது.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் கவனிக்க

வேட்டைக்குப் போக நினைப்பவர்களுக்கு மாநில உரிமம் தேவை. முதல்முறை உரிமம் எடுப்பவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். தனியார் நிலத்துக்கு உரிமையாளரின் அனுமதி அவசியம். பறவை விழுந்தால், மாநில விதிப்படி அதற்குச் சீட்டு இட்டு, துறைக்குத் தகவல் தர வேண்டும்.

வேட்டையே வேண்டாம், நடைபயணம் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் அதிகாலையில் பொதுக் காடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், அங்கே சீசன் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு உடை அணியுங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். பக்கத்துப் புதரில் வான்கோழி கத்தினால், பார்க்கும் ஆசையில் உள்ளே போகாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பது ஒரு மனிதராகவும் இருக்கலாம்.