எண்ணும் பெயரும்



கத்தோலிக்கத் திருச்சபையில் குருமார்க்கும் மக்களுக்கும் தலைவராய் விளங்குபவரை நம் முன்னோர் மேற்றிராணியார் என்றனர். இன்று ஆயர் என்கிறோம். சங்க நூல்களில் முல்லை நிலத்தில் ஆனிரை மேய்த்தவர்க்கு உரிய பெயர் இது. மேய்ப்பவன் தன் மந்தையை எண்ணி அறிந்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே அறிதல் வேண்டும். அப்பொறுப்பின் அருமையை நான் வாழும் கூடலூர் எனக்குக் கற்பித்தது.

கூடலூர், சேரம்பாடி மலைகளில் இலங்கையினின்று வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய முன்னோர் தமிழகத்தினின்று சென்று இலங்கை மலைகளைத் தேயிலைக் காடாக்கியவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பலர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் நிறைவேறியது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்கள் எண்களாயினர். அவர்களுக்கு வேலையளிக்க 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று.

அவ்வாறு வந்த மூதாட்டி ஒருவர் தம் தகரப் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார். கடவுச்சீட்டின் அடியில், பதுளைப் பக்கத்துக் கோயிலொன்றில் பெற்ற ஞானஸ்நானச் சான்று மடிந்து கிடந்தது. "சர்க்காரு எனக்கு நம்பர் குடுத்தாங்க ஐயா, இதுலதான் எம் பேரு இருக்கு" என்றார்.

ஒப்பந்தம் நிகழ்ந்து ஓராண்டு நிறைவதற்கு இரு நாள் முன், 1965 அக்டோபர் 28-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆயர்களின் கடமை பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. குடிபெயர்ந்தோர், நாடு கடத்தப்பட்டோர், அகதிகள் ஆகியோர்பால் ஆயர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என அது பணித்தது.

அச்சங்கத்தில் அமர்ந்தவருள் ஒருவர், 1959 முதல் கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார. கண்டி, வேரூன்றிய பெரிய மறைமாவட்டம். 1972-இல் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. தேயிலை மலைகளும் வறிய சிற்றூர்களும் நிறைந்த பகுதி. கத்தோலிக்கரோ மிகச் சிலர். சிங்களவராகிய அவர் கண்டியைத் துறந்து, தாமே விரும்பிப் பதுளைக்குச் சென்றார். குருக்களாக வருவோர் ஏழை மக்களின் வாழ்வை அருகிருந்து பயில வேண்டும் என்று பண்டாரவளையில் 'சேவக செவண' என்னும் இல்லத்தைத் தோற்றுவித்தார். 1982-இல் மறையும்வரை பதுளையிலேயே பணியாற்றினார்.

ஒப்பந்தத்தைத் தடுக்க அவரால் இயலவில்லை. தலைமன்னாரில் கப்பலேறிய மக்களைப் பின்தொடரவும் இயலவில்லை. ஆயினும் ஆயரின் பொறுப்பு கடற்கரையில் முடிந்துவிடுவதன்று. அக்கரையில் ஒருவர் விட்ட இடத்தில் இக்கரையில் மற்றொருவர் தொடர வேண்டும். கூடலூரை உள்ளடக்கிய உதகை மறைமாவட்டம் 1955-இல் அமைந்தது. அந்தோணி படியறை அதன் முதல் ஆயர். வந்தவரை வரவேற்று, அவர்தம் பெயரைப் புதிய ஏட்டில் எழுதும் கடமை இம்மலையின் குருமார்க்கு வந்து சேர்ந்தது.

மாணவ நண்பர்களே, அரசுகள் எண்ணாமல் இருத்தல் இயலாது. ஆனால் எண்ணப்பட்டவரைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவர் வேண்டும். அந்த மூதாட்டி சான்றை மீண்டும் மடித்துப் பெட்டியில் வைத்தபோது, ஆயர் என்னும் சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று.